பத்து ஏறியது, பத்து இறங்கியது

கணவாய்த் தடுப்பில் தனக்கு முன்னால் பத்து வண்டிகள் நிற்பதாக ஹெர்டிஸ் எண்ணி வைத்திருந்தாள். பனி வாரும் வண்டிக்காரர் ஓட்வார் வந்து கண்ணாடியைத் தட்டி, "நீ பத்தாவது. கடைசி வண்டி நீதான்," என்றார்.

"பதினொன்னு," என்றாள் அவள்.

"பத்தும்மா."

"எனக்கு முன்னாடியே பத்து நிக்குது. ரெண்டு தடவை எண்ணிட்டேன். ஒன்றரை மணி நேரமா இங்க வேற என்ன வேலை எனக்கு?"

ஓட்வார் தாடியில் ஒட்டியிருந்த பனியைக் கையுறையால் தட்டிவிட்டுச் சிரித்தார். "என் பனி வாரும் வண்டியையும் சேத்து எண்ணியிருப்ப. எல்லாரும் பண்றதுதான். இருபத்திரண்டு வருசமா எண்ணுறேன். மேல எத்தனை ஏறுதோ, கீழ அத்தனை இறங்கணும். ஒன்னு கொறைஞ்சாலும் தடுப்பை மூட மாட்டேன்."

அதற்கு மேல் வாதாட அவளுக்குத் தெம்பில்லை. அவளுக்கு நேர் முன்னால் ஒரு பழைய கார் நின்றது. உருண்ட முதுகு, சாம்பல் நிறம், கூரை மேல் ஒரு சாண் பனி. அதற்கு முன்னால் ரொட்டி வண்டி. ஓட்வார் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிக்கொண்டு வந்தவர், ரொட்டி வண்டியிலிருந்து நேராக அவளிடம் வந்திருந்தார். அதை அவள் பார்த்தாள். பார்த்த கையோடு மறந்தும் போனாள். அவள் மனம் மலைக்கு அந்தப் பக்கம், யெர்ன்விக்கில், தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தது.

"கம்பளி உடுப்பு இருக்கா? மண்வாரி?"

"இருக்கு." மண்வாரி இல்லை. அதைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்.

"கடைசி வண்டிக்கு இதைக் குடுக்கிறது வழக்கம்." ஒரு வாக்கிடாக்கியை நீட்டினார். "முன்னால போற சிவப்பு விளக்கை விடாதே. விளக்கு மறைஞ்சா நில்லு, என்னைக் கூப்பிடு. என்ன நடந்தாலும் வண்டியை விட்டு இறங்காதே. இதெல்லாம் உனக்குத் தெரியாததா."

தெரியாமலா? மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாற்பத்தைந்து வருடம் வாழ்ந்தவளுக்கு? புயல் வீசினால் கணவாயைத் தனியாகக் கடக்க விடமாட்டார்கள். பனி வாரும் வண்டி முன்னே போக, மற்றவை வாலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். முந்தக் கூடாது, நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது. இந்த நாட்டில் ஒழுங்காக வரிசையில் நிற்கத் தெரிந்தால் போதும், பாதி சொர்க்கம் கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். அவளும் நம்பித்தான் வளர்ந்தாள். இன்றைக்கு மட்டும் அந்த வரிசையைக் கண்டாலே வயிறு எரிந்தது.

நண்பகலில் நகராட்சியிலிருந்து ஒரு பெண் அழைத்திருந்தாள். யெர்ன்விக்கின் கடைசித் தெருவுக்கு மேலே பனிச்சரிவு அசையத் தொடங்கியிருக்கிறது. ஆறு மணிக்குள் நாற்பது வீடுகளும் காலியாக வேண்டும். முப்பத்தொன்பது வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் உட்கார்ந்து வாஃபிள் தின்றுகொண்டிருக்கிறார்கள். நாற்பதாவது வீடு அவள் அப்பா டோர்லைவ் வீடு.

"உங்க அப்பா தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உள்ள உக்காந்திருக்கார். ஹெர்டிஸ் வந்து எதிர்ல நின்னாத்தான் திறப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். போன்ல பேசுங்கன்னோம். போன்ல யார் குரல் வேணும்னாலும் வரும், அவ முகத்தைக் காட்டுங்கங்கிறார். கதவை உடைக்கலாம்தான். ஆனா எண்பத்தோரு வயசு, ரெண்டு தடவை இதய ஆபரேஷன் ஆனவர். உடைக்கிற சத்தத்துலயே ஏதாவது ஆயிட்டா?"

ஹெர்டிஸ் தலையில் அடித்துக்கொண்டாள். ஆறு வருடமாக அந்த வீட்டைவிட்டு வாங்கப்பா என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். அவர் வேலை பார்த்த கார்பைடு தொழிற்சாலை மூடி இருபது வருடமாகிறது. உலைக்கூடத்தில் இப்போது காப்பிக்கடை. கோடையில் வருகிறவர்கள் உலை வாயில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். தொழிலாளி வீட்டை மட்டும் அவர் விடமாட்டார். கிறிஸ்துமஸ் அன்று அதுவே சண்டையாகி, "இனிமே நான் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

ஊருக்கு மேலே கடைசி வளைவில் கண்ணாடித் தடுப்பு வைத்த பார்வைமேடை ஒன்று உண்டு. அங்கிருந்து பார்த்தால் காலடியில் அப்பாவின் சமையலறை ஜன்னல் தெரியும். வரும்போதும் போகும்போதும் அவள் அங்கே வண்டியை நிறுத்தி முகப்பு விளக்கை மூன்று முறை அணைத்து எரியவிடுவாள். அவர் சமையலறை விளக்கை மூன்று முறை அணைத்து எரியவிடுவார். வரும்போது என்றால், அதன் பிறகு அடுப்பில் காப்பி ஏறும். கிறிஸ்துமஸ் அன்று அவள் நிற்காமல் போய்விட்டாள். பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தபோது கீழே அந்த விளக்கு அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. நிறுத்தியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

தாழ்ப்பாளும் அதற்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். கிழவர் மன்னிப்புக் கேட்கிற லட்சணம் அது.

மூன்று இருபதுக்குத் தடுப்பு உயர்ந்தது. ஓட்வாரின் மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டே வெண்மைக்குள் புகுந்து மறைய, ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் அதன் பின்னால் ஊர்ந்தன. பழைய காரும் நகர்ந்தது. அதன் பின்னால் ஒரு விளக்குதான் எரிந்தது, இடது பக்கம், பழுத்த ஆரஞ்சு போன்ற மங்கல் சிவப்பு. ஹெர்டிஸ் அந்த ஒற்றை விளக்கைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே காற்று வண்டியின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டு ஓடியது. பனித்துகள்கள் கண்ணாடியில் மணலாகச் சரசரத்தன, துடைப்பான் ஒவ்வொரு முறையும் முனகியபடி போய்வந்தது, சாலையோரம் நட்டிருந்த கம்புகள் ஒன்றொன்றாக வெண்மையிலிருந்து முளைத்து, பக்கத்தில் வந்து, பின்னால் போய்க் கரைந்தன. அவளுடைய மின்சாரக் கார் சத்தமே போடாது. அதனால் மற்ற எல்லாச் சத்தமும் காதுக்கு வந்தது. கோடையில் இதே சாலையில் ஏரிகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். இப்போது ஏரி எது, சாலை எது என்று சொல்ல ஒரு கம்பு வரிசையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

சூடேற்றியின் காற்றில் ஒரு நெடி வந்தது. ஈரம் பட்ட கார்பைடின் நெடி, வெள்ளைப்பூண்டு அழுகினாற்போல. சின்ன வயதில் அப்பா வேலை முடிந்து வந்து வாசலில் கழற்றிப் போடும் உடுப்பில் அடித்த அதே நெடி. முன்னால் போகிற கார் ஏதோ கண்டதைக் கக்குகிறது என்று காற்று வரும் துளையை மூடினாள். நெடி போகவில்லை.

"கடைசி வண்டி, எப்படி இருக்க?" வாக்கிடாக்கியில் ஓட்வார்.

"ஆமை மாதிரி இருக்கேன். இன்னும் கொஞ்சம் வேகமாப் போகக் கூடாதா?"

"நாற்பதுல போறோம்மா. புயல்ல இதுவே ஜாஸ்தி."

ஹெர்டிஸ் வேகமானியைப் பார்த்தாள். பதினெட்டு.

பழைய கார் பதினெட்டிலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கியது. பன்னிரண்டிலிருந்து எட்டு. அவள் ஒலிப்பானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்தாள். குளிரில் மின்கலம் நாற்பத்தொன்றிலிருந்து முப்பத்துமூன்று சதவீதத்துக்கு வந்திருந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. மணி நாலரை. "போய்த் தொலையேன்!" என்று கண்ணாடிக்குள்ளேயே கத்தினாள். ஒரு ஈனப் பழங்காரும் ஒரு பிடிவாதக் கிழவரும் பேசி வைத்துக்கொண்டு தன் உயிரை வாங்குவதாகத் தோன்றியது. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு அந்தக் கார் நின்றேவிட்டது.

அதன் கூரையை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். ஒரு சாண் பனி, தடுப்பில் நின்றபோது இருந்த அதே ஒரு சாண். இந்தக் காற்று ஒரு துளியைக்கூட அதிலிருந்து பறிக்கவில்லை.

"ஓட்வார், எனக்கு முன்னால போற வண்டி நின்னுடுச்சு."

"யாரும் நிக்கலியே. எல்லாரும் இறக்கத்துல வந்துட்டிருக்காங்க. உனக்கு முன்னால ரொட்டி வண்டிதானே? அவன் இப்பதான் விளக்கடிச்சுக் காட்டினான்."

"ரொட்டி வண்டி இல்ல. பழைய கார். உருண்டையா. ஒரு விளக்குதான் எரியுது."

கரகரப்பு. நீண்ட கரகரப்பு. அதற்குள் காற்று ஊதியது.

"ஹெர்டிஸ்." குரலில் சிரிப்பு இல்லை. "அப்படி ஒரு வண்டியை நான் எண்ணல."

"நீங்க எண்ணாட்டி என்ன, இதோ என் மூக்குக்கு முன்னால நிக்குது!"

"கேளு. அவசர விளக்கைப் போட்டுட்டு உள்ளயே உக்காரு. இவங்களைக் கீழ விட்டுட்டுத் திரும்பி வர்றேன். ஒரு மணி நேரம். இறங்காதே. கேக்குதா? இறங்காதே."

ஒரு மணி நேரம். அதன் பிறகு இறக்கம் இருபது நிமிடம். ஊருக்குள் பத்து. ஆறு மணிக்குத் தீயணைப்புக்காரர்கள் கோடரியை எடுப்பார்கள். அந்தச் சத்தத்தில் கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவார். அவள் அதைக் கண்ணால் பார்த்தாள். அப்புறம் என்ன இறங்காதே? போய் அந்தக் கண்ணாடியை உடைக்கிற மாதிரி தட்டி, ஓட்டுகிறவனை நாலு கேள்வி கேட்டால் நகர்கிறான். நாற்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக அவள் விதியை மீறினாள். பின்சீட்டில் கிடந்த கனத்த மேலங்கியை எடுக்கக்கூட நிற்காமல், கம்பளிச் சட்டையோடு, வாக்கிடாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கைபேசி வண்டியிலேயே இருந்தது. விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

பத்து அடி. காற்று காதை அறைந்தது. முழங்கால்வரை பனி.

பழைய காரைச் சுற்றிப் பனி புதிதாக, மழமழவென்று கிடந்தது. சக்கரத் தடம் எதுவும் இல்லை.

நெடி அங்கேதான் இருந்தது. தொண்டையை அடைக்கிற நெடி. கண்ணாடி உள்பக்கமாக உறைந்திருந்தது. தட்டினாள். "யாருங்க உள்ள? வண்டியை எடுங்க!" கதவைப் பிடித்து இழுத்தாள். சுலபமாகத் திறந்துகொண்டது.

ஓட்டுநர் இருக்கை காலி. பக்கத்து இருக்கை காலி. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கையில் மட்டும் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம், அதில் ஈரம்.

பின்னால் ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவளுடைய கதவு.

திரும்பினாள். முகப்பு விளக்குகள் கண்ணைக் குத்தின. அவை நகர்ந்தன. சத்தமில்லாமல். அவளை நோக்கி, பிறகு கொஞ்சம் விலகி, அவள் உள்ளங்கை தொடுகிற தூரத்தில் அவளுடைய மின்சாரக் கார் மெதுவாகக் கடந்தது. உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவள் அவளுடைய கனத்த மேலங்கியைப் போட்டிருந்தாள். அவளுடைய கொண்டை ஊசி. அவளுடைய மூக்கு. எரிச்சலாக இருக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாளே, அதேபோலக் கடித்திருந்தாள். ஹெர்டிஸ் பக்கம் திரும்பவே இல்லை. அவசரமாக எங்கோ போக வேண்டியவளைப் போல, சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்!" என்று கத்தினாள் ஹெர்டிஸ். கண்ணாடியில் அறைந்தாள். கை வழுக்கியது. ஓடினாள். விழுந்தாள்.

இரண்டு சிவப்பு விளக்குகள். அவளுடைய வண்டி எண். பிறகு வெண்மை.

"ஓட்வார்! ஓட்வார், என் வண்டியை யாரோ எடுத்துட்டுப் போறாங்க! அது நான் இல்ல! கேக்குதா?"

"யாரோ பட்டனை அமுக்கிப் புடிச்சிருக்காங்க," என்றது ஓட்வாரின் குரல். "வெறும் காத்துச் சத்தம்தான் வருது. விடுங்கப்பா... ஆங், ஹெர்டிஸ், வந்துட்டியா? தெரியுது, தெரியுது, உன் விளக்கு தெரியுது. நல்லவேளை. வா வா, பின்னாலயே வா."

விரல்கள் மரத்துப்போயிருந்தன. இந்தக் காற்றில் மேலங்கி இல்லாமல் கால் மணி நேரம் தாங்காது. ஒதுங்க அங்கே ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதன் கதவு திறந்தே கிடந்தது.

உட்கார்ந்தாள். இருக்கை அவள் அளவுக்குச் சரியாக இருந்தது. கியரை இழுத்தாள், வண்டி கிளம்பியது. ஒரு நாளும் மறுக்காத நாயைப் போல அவள் சொன்னபடியெல்லாம் கேட்டது. அதுவே அவளுக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே ஓட்டினாள். தூரத்தில் அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகள். மிதித்தாள். அவையும் வேகமெடுத்தன. வளைவு. இன்னொரு வளைவு. "அப்பா, திறக்காதீங்க. அப்பா, திறக்காதீங்க." சொல்லிக்கொண்டே இருந்தாள். முகத்தைக் காட்டு என்றாரே. அந்த முகத்தைத்தானே அது கொண்டுபோகிறது.

பார்வைமேடை வளைவில் என்ஜின் அணைந்தது.

சாவியைத் திருகினாள். ஒன்றுமில்லை. கதவுப் பிடி வெறுமனே சுழன்றது. மறுபக்கக் கதவும். கண்ணாடியைக் குத்தினாள், உதைத்தாள். கீறல்கூட விழவில்லை. வாக்கிடாக்கி மடியில் கரகரத்தது. ஓட்வார் தடுப்புக் காவலரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"மேல் தடுப்பு, கேக்குதா? பத்து ஏறுச்சு, பத்து இறங்கிருச்சு. பாதையை மூடிடு. இன்னிக்கு இனி யாரையும் விடாதே... கடைசியா வந்தது நம்ம டோர்லைவ் பொண்ணு. வாக்கிடாக்கியக் கேட்டேன், மலை மேலயே விட்டுட்டேன்னுட்டா. அவ இருக்கிற அவசரத்துல என்னத்தச் சொல்றது. பழைய காரைப் பத்திக் கேட்டேன். அப்படி ஒன்னும் பாக்கலியேன்னா. பனி கண்ணைக் கட்டியிருக்கும், பாவம்."

காற்று நின்றது. யாரோ கையால் அமர்த்தினாற்போல நின்றது. மேகம் விலகி, கீழே கறுத்த கடல்நீரும், தொழிற்சாலைப் புகைபோக்கியும், அதன் பின்னால் அந்த நாற்பது வீடுகளும் தெரிந்தன. முப்பத்தொன்பதில் விளக்கில்லை. தெருக்கோடியில் தீயணைப்பு வண்டியின் நீல ஒளி. ஒரே ஒரு சமையலறை ஜன்னல் மஞ்சளாக எரிந்தது. அதன் வாசலில் அவளுடைய கார் நின்றது.

கதவு திறந்தது. வெளிச்சம் பனியில் நீளமாக விழுந்தது. அந்த வெளிச்சத்தில் ஓர் உருவம் படியேறியது. கதவு சாத்திக்கொண்டது.

"கிழவர் திறந்துட்டாராம்," என்றார் ஓட்வார், நிம்மதியாக. "தீயணைப்புக்காரங்க சொல்றாங்க. மகளைக் கட்டிப்புடிச்சு அழுதாராம். ரெண்டு பேரும் சாமானை எடுத்துக்கிட்டு இப்ப வந்துருவாங்க."

அவள் காத்திருந்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். யாரும் வெளியே வரவில்லை. ஜன்னலில் இரண்டு நிழல்கள் வந்து நின்றன. ஒன்று கூனியது, ஒன்று நேரானது. இரண்டும் மலையை அண்ணாந்து பார்ப்பதுபோல இருந்தது.

விளக்கு. விளக்கு இருக்கிறதே. தடவித் தேடி முகப்பு விளக்கின் பொத்தானைப் பிடித்தாள். அணைத்தாள், எரியவிட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. பார்வைமேடைக் கண்ணாடி மூன்று முறை மின்னியது.

கீழே கூனிய நிழல் அசையவில்லை. பிறகு, மெதுவாக, ஜன்னலை ஒட்டி முகத்தைக் கொண்டுவந்தது. அவரேதான். பார்த்துவிட்டார். ஹெர்டிஸ் வாய்விட்டு அலறினாள். மறுபடி மூன்று முறை. அவர் தலையைத் திருப்பி, பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்தார். மறுபடி மலையைப் பார்த்தார். சுவரில் விளக்குப் பொத்தான் இருக்கும் பக்கமாக ஓரடி நகர்ந்தார்.

நேரான நிழலும் நகர்ந்தது.

சமையலறை விளக்கு ஒருமுறை அணைந்தது.

ஹெர்டிஸ் நெற்றியைக் குளிர்ந்த கண்ணாடியில் வைத்து, அது மறுபடி எரிவதற்காகக் காத்திருந்தாள்.